உறையாத பாலில் எடுத்த உறை

அண்ணன் கட்டிக்கொண்டு வந்தவளோடு எனக்கு முதலில் ஒத்தே போகவில்லை. சோற்றுத் தட்டின் முன்னாலும் பாக்டீரியா பேச்சுதான். தயிர்த் தொழிற்சாலை லேபில், பாலை உறைய வைக்கும் பாக்டீரியாவை வளர்ப்பது அண்ணியின் வேலை. நான் அங்கேயே பேக்கிங்கில் இருக்கிறேன். அந்தப் பாக்டீரியாவை 'என் பசங்க' என்பாள். பெற்ற மகனைக்கூட அப்படிக் கொஞ்சி நான் பார்த்ததில்லை.

திடீரென்று பால் உறையாமல் போயிற்று. தொட்டி தொட்டியாகச் சாக்கடையில் கொட்டினோம். பாக்டீரியாவையும் தாக்குகிற வைரஸ் இருக்கிறதாம். அது புகுந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டது. இனி உறையை வெளியே வாங்கிக்கொள்ளலாம், லேபை மூடிவிடலாம் என்று முதலாளி முடிவுகட்டினார். மூடினால் அண்ணிக்கு வேலை போய்விடும்.

நன்றாக உறைந்த தயிரிலிருந்துதான் எல்லோரும் அடுத்த உறையை எடுப்பார்கள். அண்ணியோ உறையாத பாலில் ஒரு கரண்டி எடுத்து லேபின் கண்ணாடித் தட்டில் வளர்த்தாள். தொட்டி கழுவுகிறவர்கூட வாய்விட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அண்ணியை நான் ஆயிரம் சொல்வேன், இவர்கள் யார் சொல்ல?

தட்டில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் முளைத்தன. வைரஸால் செத்தது போக மிஞ்சிய பாக்டீரியா. வைரஸின் மரபணுவில் ஒரு துண்டை நறுக்கித் தங்கள் மரபணுவிலேயே அவை சேர்த்து வைத்திருக்கும் என்றாள் அண்ணி. அதே வைரஸ் திரும்பி வந்தால் அடையாளம் கண்டு அதைக் கத்தரிபோலத் துண்டு துண்டாக வெட்டிவிடுமாம். அந்தக் கத்தரியைக் கடன் வாங்கித்தான் பயிர்களின் மரபணுவைத் திருத்துகிறார்களாம், புது மருந்தும் கண்டுபிடிக்கிறார்களாம்.

"அடிச்சவன் மூஞ்சி அதுங்களுக்கு மறக்காது" என்றாள்.

முதலாளியின் கண்ணெதிரே புதுப் பாலில், அந்தப் புள்ளிகளிலிருந்து வளர்த்த உறையை ஊற்றினாள். வைரஸ் புகுந்து கெட்டுப்போன தொட்டியின் பாலையும் வேண்டுமென்றே அதில் கலந்தாள்.

"இது உறையலைன்னா லேபை நானே பூட்டிடறேன் சார்."

சாயங்காலம் முதலாளியே வந்து பாத்திரத்தைச் சாய்த்தார். ஒரு சொட்டு வழியவில்லை. கரண்டியைக் குத்தினார், நட்டபடி நின்றது. போனை எடுத்து, உறை விற்பவரைக் கூப்பிட்டார்.

"உறை வேணாம்ப்பா. அதுக்கு எங்ககிட்டயே ஆள் இருக்காங்க."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஆள் எங்க அண்ணிதான் என்று பேக்கிங் முழுக்கச் சொல்லிவிட்டு, தொட்டி கழுவுகிறவரிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.