ஒரு விசில், இரண்டு விசில்

விசிலுக்கு ஊதல், சீழ்க்கை என்று நல்ல தமிழ்ச் சொற்கள் உண்டு. அடையாறில் எங்கள் வீட்டில் அவற்றை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பருப்புக்கு நாலு விசில், குப்பை வண்டி வந்தால் விசில், தியேட்டரில் தம்பி வாயில் விரலை வைத்து அடிப்பதும் விசில். அப்பாவுக்கோ அது சோறு போட்ட சொல். தி.நகர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒன்று அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல் கரகரத்து, கடைசியில் காற்றாகிப்போனது. அப்பா பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நானும் தம்பியும் சண்டை போட்டால் ஒரு விசில். சரி, ஆகட்டும் என்றால் இரண்டு. அம்மா அதைக் குக்கர் விசில் என்று ஏமாந்து அடுப்பை அணைத்துவிடுவாள், பருப்பு வேகாது.

"யோவ், நீ ஊதுனியா, குக்கர் ஊதுச்சா? ஒயுங்கா சொல்லு!"

அப்பா சத்தமில்லாமல் சிரிப்பார். அந்த வீட்டில் அப்போது நோய் இருந்ததே எனக்கு மறந்துபோகும்.

ஆபரேஷன் செய்தால்தான் பிழைப்பார் என்றார் டாக்டர். குரல்வளையை எடுத்துவிட்டுக் கழுத்தில் ஓட்டை போடுவார்களாம், மூச்சு அதன் வழியாகத்தான் போகுமாம். "இனிமே பேச்சு வராது, பரவாயில்லையா?" என்று கேட்டார். இப்போது மட்டும் வருகிறதா என்ன! அப்பா விசிலை வாயில் வைத்து இரண்டு ஊதினார். டாக்டரே சிரித்துவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் கேட்டது விசிலைத்தான். வாயில் வைத்தார். கன்னம் உப்பியது. சத்தம் வரவில்லை. எடுத்து உதறிவிட்டு மறுபடியும் ஊதினார். காற்று கழுத்து ஓட்டை வழியாகப் போனது, அங்கே கட்டியிருந்த துணிதான் படபடத்தது. மூச்சு வழி மாறினால் விசிலும் போய்விடும் என்று எங்களில் யாருக்கும், அவருக்கும்தான், தோன்றவே இல்லை. விசிலைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

அம்மாவுக்கு மட்டும் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் துணி காயப்போடும்போது விசில் கேட்டால் வாளியைப் போட்டுவிட்டு, "தோ வந்துட்டேன்யா" என்று கூடத்துக்கு ஓடுகிறாள். கட்டிலில் இருக்கும் அப்பா சமையலறைப் பக்கம் கையைக் காட்டுகிறார்.