சில்லு விலகிய கால்

கல்லூரியில் இறகுப்பந்து ஆடும்போதுதான் என் வலது முட்டிச் சில்லு முதல்முறை வெளிப்பக்கமாக விலகியது. அதன்பிறகு எப்போது விலகும் என்று சொல்ல முடியாமல் போயிற்று. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விலகும், குளியலறையில் திரும்பும்போது விலகும். காலை மெல்ல நீட்டினால் இடத்துக்கு வந்துவிடும். பிறகு வீங்கும். ஆபரேஷன் பேச்சு வந்தபோதெல்லாம் தள்ளிப்போட்டேன்.

மகளுக்கு இரண்டு வயதிருக்கும். லஸ் முனையில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். பக்கவாட்டில் வந்த பைக்குக்காகச் சட்டென்று திரும்பியதில் சில்லு விலகி, நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஓர் ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, முதலில் குழந்தையைத் தூக்கினார்.

"பாப்பாக்கு ஒண்ணும் ஆவல. உன் காலுதாம்மா கோணிக்கினு கீது" என்றார்.

அன்றிலிருந்து நான் மகளைத் தூக்கவில்லை. அவள் கையை நீட்டினால் கணவரைக் கூப்பிடுவேன்.

அடையாறில் ஒரு மருத்துவரைப் பார்த்தோம். சில்லைப் பிடித்து நிறுத்தும் நார் கிழிந்து தளர்ந்திருக்கிறது, தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை எடுத்து அங்கே பொருத்தலாம் என்றார். மறுபடி விலகவே விலகாதா என்று கேட்டேன்.

"வாய்ப்பு ரொம்பக் கம்மி. அதுக்கு மேல நான் உறுதி சொன்னா அது பொய்."

அந்தப் பதிலை நம்பித்தான் சம்மதித்தேன். அதே பதில்தான் தூங்கவும் விடவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நான் விழித்தே இருந்தேன். மருந்து தடவ யாருடைய காலையோ உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அது என் கால் என்று புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு திரை போட்டார்கள். எலும்பில் துளையிடும் சத்தம் கேட்டது. மயக்க மருத்துவரின் கையைப் பிடித்தவள் கடைசிவரை விடவில்லை.

பிறகு ஊன்றுகோல், அபிராமபுரத்தில் பிசியோதெரபி. அங்கிருந்த பெண் முட்டியைத் தொட்டாலே அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிடுவேன். ஒருநாள் அவர் என் கட்டைவிரலை எடுத்துச் சில்லின் ஓரத்தில் வைத்தார்.

"நீங்களே தள்ளிப் பாருங்க மேடம்."

வேர்த்துவிட்டது. தள்ளினேன். கொஞ்சம் நகர்ந்து கெட்டியாக நின்றது. இன்னும் அழுத்தினேன். அதற்குமேல் போகவில்லை. என் அழுகையைப் பார்க்காதவர்போல அவர் திரும்பிக்கொண்டு துண்டுகளை மடித்தார்.

இதுவரை விலகவில்லை. நானே தள்ளிப் பார்த்த அன்று மாலை சோபாவில் உட்கார்ந்தபடி மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். நின்றுகொண்டு தூக்கப் பல வாரங்கள் பிடித்தன. அப்போதும் கணவர் இரண்டு கைகளையும் நீட்டியபடி எனக்குப் பின்னாலேயே நின்றார்.