மீன் பொரித்த வீடு

ஆரையம்பதி அழகரத்தினம் துப்பறியும் கதைகளாக எழுதித் தள்ளினார். கொழும்புத் துப்பறிவாளர்கள் அவற்றில் மழைக்கோட்டோடு வியர்க்க வியர்க்கத் திரிந்தார்கள். ஒன்றும் அச்சேறவில்லை. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அவர் மனைவி கேதீஸ்வரி, தையல் வேலைக்கிடையே, ஒரேயொரு கதை எழுதினாள். மட்டக்களப்புச் சஞ்சிகையொன்று அதற்கு முதற்பரிசு கொடுத்துவிட்டது.

வயிறெரிய எரியப் படித்தார். கதையில், மனைவியைச் சுனாமி கொண்டுபோனதென்று ஒருவன் ஊரைக் கூட்டி அழுகிறான். கடலில் பிணங்கள் மிதந்ததால் ஊரே மீனைத் தொடாத காலம் அது. அவன் வீட்டில் மட்டும் மீன் பொரிகிறது. அவளைக் கொன்று வயல் வட்டைக்குள் புதைத்தவன் அவனே. அவள் கடலில் இல்லையென்று அவனுக்குத்தானே தெரியும்! பொரியல் மணத்திலேயே அகப்படுகிறான்.

பிழை பிடிக்க ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“சுனாமி நேரம் நானும் இந்த ஊரிலதானே இருந்தன். எனக்கு வராத யோசன உனக்கு எப்பிடிப் புள்ள வந்த?”

கேதீஸ்வரி தையல் மெஷினை நிறுத்தவில்லை.

“அந்த நேரம் மீன் இல்லாமச் சோறு இறங்காதெண்டு சண்ட பிடிச்சது, ஊருக்குள்ள நீங்க ஒராள்தானே.”