ஈயம் கீழே, முள் மேலே

என் தாய்மாமா மீன் பிடித்த லட்சணம் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. அவருக்குத் தூண்டில் பிடிக்கவே தெரியாது என்பது அப்பாவின் கட்சி. அவரைப் போலத் தூண்டில் போட ரங்கூனிலேயே ஆள் கிடையாது என்பது என் கட்சி. அம்மா எதிலும் சேர மாட்டாள். உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று வெகுகாலம் இறுமாந்திருந்தேன். அதுவும் தப்பு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. போட்டாதாங்கில் ஆற்றுக்கு ஒரு தெரு தள்ளி, நாலாவது மாடியில் குடியிருந்தோம். மாமா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். ஒரு ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்து, அடுத்த கப்பலுக்கு அழைப்பு வரும்வரை காத்திருந்தார். அம்மா அவருக்குப் பத்து வயது மூத்தவள். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் சேர்த்ததெல்லாம் அவள்தான். மாமாவோடு கப்பலுக்குப் போன பையன்களில் சிலர் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி, திரும்ப ஏறாமல் அந்த ஊரோடு தங்கிவிட்டார்கள். அம்மாவுக்கு ராத்தூக்கம் போனது அதனால்தான். கால்கட்டு ஒன்று போட்டுவிட்டால் தம்பி எங்கே சுற்றினாலும் வீடு திரும்புவான் என்று தீர்மானித்து, இன்செயினில் ஒரு பெண்ணையும் பார்த்து வைத்துவிட்டாள்.

மாமா மாட்டேன் என்று சொல்லவில்லை. அக்காவிடம் அப்படிச் சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. "வெறுங்கையோடவாக்கா பொண்ணு பாக்கப் போறது? அவங்க அப்பாவுக்குக் கொடுவான்னா உசுருன்னு நீதானே சொன்னே. என் கையால ஒண்ணு பிடிக்கிறேன். பிடிச்ச அன்னைக்கே போவோம்" என்றார். சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினார்.

அம்மா லேசுப்பட்டவள் இல்லை. "நீயும் கூடப் போடி. தண்ணியில தூண்டில் போடுறானா, டீக்கடையில குந்திக்கிட்டு இருக்கானான்னு பாத்து வந்து சொல்லு" என்று என்னை ஒற்றர் வேலைக்கு அமர்த்தினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் என்றால் பட்டுப்பாவாடை. அதோடு, தலை பின்னி விட வீட்டுக்கு ஒரு அத்தையும் வருவாள்.

ஆற்றைக் கடந்து டாலாவில் இறங்கி, சைக்கார் என்கிற மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறினால் த்வாண்டே கால்வாய் ஓரமாக ஊ சான் என்ற பர்மியரின் மீன் குளம் வரும். மதகைத் திறந்து கால்வாய்த் தண்ணீரை உள்ளே விட்டு, கூடவே வரும் கொடுவாக் குஞ்சுகளை வளர்ப்பார். பர்மியர்களுக்கு அது ககடித். காசு கொடுத்தால் கரையில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளலாம்.

ஊ சான் முதல் நாளே மாமாவின் தூண்டிலைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மற்றவர்கள் நரம்பில் ஈயத்தை மேலே கட்டி, முள்ளைக் கடைசியில் தொங்கவிடுவார்கள். மாமா தலைகீழ். ஈயம் கீழே, அதற்கு ஒரு முழம் மேலே முள். கப்பலில் கூட இருந்த ஜப்பான்காரர் ஒருவர் கற்றுக்கொடுத்ததாம். வெயில் காலத்தில் மேல்தண்ணீர் கொதிக்கும்; மீன் அடியில் போய் நிழலில் சோம்பிக் கிடக்கும்; துரத்திக்கொண்டு வந்து தின்னாது. ஈயம் தரையில் உட்கார்ந்துகொள்ள, இரை சேற்றில் புதையாமல் மீனின் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். கம்பின் நுனியை லேசாக அதிர விட வேண்டும். "ஈயம் நகரக் கூடாது. இரை மட்டும் நடுங்கணும்" என்பார். என் கையைப் பிடித்து அந்த நடுக்கத்தைப் பழக்கினார். பெரிய வித்தைதான், சந்தேகமே இல்லை.

வித்தை இவ்வளவு தெரிந்த மனுஷர் போய் நின்ற இடம்தான் கொடுமை. குளத்தின் கிழக்கு மூலை. முழங்கால் ஆழம், ஒரு மரநிழல் கிடையாது. "அங்க வெந்நீர்தான் இருக்கு! மதகுக்கிட்ட வா!" என்று ஊ சான் பர்மியில் கத்துவார். மாமா பவ்யமாகச் சிரிப்பார், நகர மாட்டார். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து, போட்டார், கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுப்பேன். நாளைக்குக் கிடைக்கும் என்பாள் அம்மா. பங்குனி முழுக்க இப்படியே போயிற்று. மாமாவின் தோல் கருத்ததுதான் மிச்சம்.

பிறகு கப்பல் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. மாத முடிவில் கிளம்ப வேண்டும். அம்மா இன்செயினுக்கு ஆள் விட்டு, இதோ வருகிறோம், அதோ வருகிறோம் என்று சொல்லி வைத்தாள். அதற்குள் தண்ணீர்த் திருவிழா வந்து ஊரே நனைந்து கிடந்தது. அது முடிந்த மறுநாள் பர்மியப் புத்தாண்டு. நம் வருஷப் பிறப்பு முன்பே முடிந்துவிட்டதால் எங்களுக்கு அது இன்னொரு நாள்தான். பர்மியர்கள் அன்றைக்கு மீனைப் பிடிக்க மாட்டார்கள், வாங்கிக்கொண்டு போய் ஆற்றில் விடுவார்கள். இது எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. இல்லை, மாமாவுக்கு உறைத்திருக்கும்.

கம்பும் கையுமாக எங்களைக் கண்ட ஊ சான் "அமலே! இன்னைக்கா?" என்று வாயில் கை வைத்தார். ஆனாலும் விரட்ட மனமில்லை. குஞ்சு மீன்கள் நிரம்பிய பானைகளோடு தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் போய்விட்டார். மாமா கம்பைக் கரையில் சாத்திவிட்டு, குளத்தைத் தாண்டி இருந்த மாமரத்தடியில் லுங்கியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவுக்குத் துரதிர்ஷ்டம், நாம் உதவாவிட்டால் யார் உதவுவார்கள்? கம்பைத் தூக்கிக்கொண்டு மதகுக்குப் போனேன். பலகைகளின் நிழல் விழுந்த இடத்தில் ஈயத்தை இறக்கி, நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி, கற்றுக்கொடுத்தபடி நடுங்க விட்டேன். கை வலிக்க ஆரம்பிக்கும் முன்பே யாரோ அடியிலிருந்து கதவைத் தட்டுவது போல ஒரு இடி. கம்பு வளைந்து தண்ணீரைத் தொட்டது. "மாமா!" என்று அலறினேன்.

எழுந்து ஓடி வந்தவர் கம்பைப் பிடுங்கிக்கொண்டார். அப்போது அவரைப் பார்த்திருக்க வேண்டும்! விட்டுப் பிடித்து, இழுத்து, பக்கவாட்டில் சாய்த்து, கொஞ்ச நேரத்தில் கொடுவாவைக் கரையில் போட்டார். இரண்டு வீசை இருக்கும், வெள்ளிப் பாளம் மாதிரி. நான் பாய்ந்து கட்டிப் பிடித்தேன். செவுள் மூடி கட்டைவிரலைக் கீறி ரத்தம் வந்தது. "மாமா, கல்யாணம்!" என்று குதித்தேன்.

மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மீனை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

"கண்ணு, இன்னைக்கு இதைக் கொல்லக் கூடாது. கால்வாயில விட்டுருவோம். மனசுல ஒண்ணு நினைச்சுக்கிட்டு விட்டா அப்படியே நடக்கும்."

"அம்மா கேட்டா?"

"கொண்டு வரலைன்னு சொல்லு. பொய் இல்லையே."

நான் யோசித்தேன். மீன் இன்செயின் போவதற்குள் இந்த வெயிலில் நாறிப் போனாலும் போகும். வேண்டுதல் கெடாது. சரி என்றேன். வாளியோடு கால்வாய்க்குப் போனபோது ஊ சானின் குழந்தைகள் வழிவிட்டு நின்றார்கள். வாளியைச் சாய்த்தேன். கொடுவா ஒரு கணம் கலங்கிய தண்ணீரில் நின்று, வாலை அடித்துக்கொண்டு போனது. எல்லோரும் புண்ணியத்தை வாழ்த்தி சாது, சாது, சாது என்றார்கள். ஊ சான் என் தலையில் கை வைத்து, நல்ல குத்தோ, பெரிய புண்ணியம் என்றார்.

என்ன வேண்டிக்கொண்டாய் என்று மாமா கேட்டார். "உங்களுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகணும்னு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் திரும்பிக் கால்வாயையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என் பாசத்தில் மனுஷர் நெகிழ்ந்துவிட்டார் என்று பெருமையாக இருந்தது.

வீட்டில் பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா கேள்வியே கேட்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தாள். கம்பி குத்திவிட்டது என்றேன். விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொடுவா அறுத்து அறுத்து அவள் கையிலும் அதே மாதிரி கீறல்கள் உண்டு. மாமா வாசலிலேயே நின்றார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மஞ்சளைக் குழைத்து என் விரலில் பூசினாள். சாப்பிட வாங்க என்றாள், அவ்வளவுதான். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் அவளே தனியாக இன்செயின் போய் வந்தாள். ஜாதகம் பொருந்தவில்லை என்று அப்பாவிடம் சொன்னாள். ஒரு மீனைப் பிடிக்கத் துப்பில்லாதவனுக்கு எந்த ஜாதகம் பொருந்தும் என்றார் அப்பா. எனக்கோ புத்தர் மேலேயே கோபம்.

மாமாவும் இந்த முறை ஏதாவது ஒரு துறைமுகத்தில் இறங்கி, திரும்பாமல் தங்கிவிடுவதென்று முடிவு செய்திருந்தார். ஒருத்தியைக் கட்டி, இங்கே காத்திருக்க வைத்துவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. அக்காவிடம் அதைச் சொல்ல வாயும் வரவில்லை. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு சேர்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டது.

கப்பல் நடு ஆற்றில் நின்றது. மாமாவை அதற்குப் போகும் லாஞ்ச் படகில் ஏற்றிவிட அம்மாவும் நானும் போட்டாதாங் துறைக்குப் போனோம். கருவாட்டு இறால் பொரித்த பலாச்சாங் நிறைத்த ஜாடியைத் துணியில் சுற்றி அவர் பைக்குள் வைத்தாள். சட்டைக் காலரைச் சரி செய்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரி செய்தாள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை. அம்மா மறந்துவிட்டாளே என்று நான்தான் கேட்டேன்.

"அடுத்த வெயிலுக்கு வந்துருவேன். அந்தத் தடவை நேரா மதகுக்கிட்டயே போயிடலாம்" என்றார் மாமா.

அம்மா ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவர் சொன்னதை அந்தத் துறையில் நின்ற மூன்று பேரில் நான் ஒருத்திதான் நம்பினேன்.