புளி போட்டுத் தேய்த்த காப்பு

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். எங்கெங்கோ சுற்றிவிட்டு, இப்போது மட்டாஞ்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் பெட்டி கட்டுகிறேன். வெளிநாட்டுப் பயணிகள் விற்றுவிட்டுப் போகும் நகைகளில் நவஹோ வெள்ளி வந்தால் மட்டும் விடமாட்டேன். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்துவிடுவேன். அமெரிக்கப் பழங்குடிகள் செய்வது. ஆண்கள் போடும், வாய் திறந்த தடித்த காப்பு, நடுவே பிரோசா என்கிற நீலக்கல். போட்டவனின் வியர்வையைக் குடித்துக் குடித்து அந்தக் கல் பச்சையாகும். வெள்ளியின் பள்ளங்களில் கறுப்பு படியும். அதைத் துடைக்கவே கூடாது.

அப்படி ஒரு காப்பை என் அறைத்தோழருக்குக் கொடுத்தேன். திருப்பூர்க்காரர், அரிசிக் கிடங்கில் சுமை தூக்கினார். குளிக்கும்போதும் கழற்றமாட்டார்.

"எந்தா அண்ணாச்சி, வலிய ராஜாவாயோ!" என்பார் காப்பைப் பார்த்து, சாயாக் கடை மலையாளிச் சேட்டன்.

"ராஜாவுக்கு ஒரு சாயா எடு சேட்டா, ஆறிப்போகாம" என்பார் இவர்.

வெளிறிய நீலமாக இருந்த கல் அவர் கையில் வேப்பிலைப் பச்சைக்கு வந்தது.

போன மழையில் எலிக்காய்ச்சல் வந்து இறந்துபோனார். உடல் ஊருக்குப் போயிற்று. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த காப்பு என்னிடம் இருந்தது.

சில மாதம் கழித்து, அவர் சாமான்களை எடுத்துப்போக அவர் மனைவி சுள்ளிக்கல்லில் இருக்கும் எங்கள் அறைக்கு வந்தார். உட்காரும் முன்பே, "அந்தப் பச்சைக்கல்லுக் காப்பு இருக்குங்களாண்ணா?" என்றார். வேறெதையும் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனேன்.

செத்தவர் உடம்பில் கிடந்ததைக் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை அவர்கள் பக்கத்தில். நான் திரும்பியபோது குழாயடியில் புளியும் சாம்பலும் கிடந்தன. வெள்ளி புதிதாக மின்னியது. கல் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது.

"இது அவருதுங்களா?"

"அவருதுதாம்மா."

"இல்லீங்கண்ணா. வீடியோ போன்ல பேசறப்ப பச்சையா இருந்துச்சு. அழுக்குன்னு தேச்சேன், கல்லே மாறிப்போச்சுங்க."

பச்சை எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அவர் தண்ணீர் ஓடிப்போன சாக்கடையைப் பார்த்தார்.

"அப்ப அவரத்தானுங்களா கழுவி விட்டுட்டேன்?"

வாங்கிவந்த கப்பைக்கிழங்கும் மீன்கறியும் ஆறிக்கொண்டிருந்தன.

"வேர்த்தா மறுபடி பச்சையாகுமுங்களா?"

"ஆகும். நாள் பிடிக்கும். ஆனா அது உங்க வேர்வைதாம்மா."

"பனியன் கம்பெனிலதானுங்க இருக்கேன். வேர்வைக்கா பஞ்சம்."

மொட்டையாக இருந்த கையில் காப்பை மாட்டினார். "வளையல்தானுங்க போடக்கூடாதுன்னு கழட்டுனாங்க. இது ஆம்பளக் காப்பு."

அது முழங்கை வரை வழுக்கிப் போனது. பழைய வெள்ளி ஒடிந்துவிடும் என்ற பயத்தோடு, இரண்டு முனைகளையும் மெல்ல நெருக்கிக் கொடுத்தேன்.