ஆறு காம்பராவும் ஒரு கடதாசியும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பிரதேச சபையின் டிராக்டர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. இரண்டு சிமெண்டுக் குழாய், பத்துப் பன்னிரண்டு மம்பட்டி, நெம்புவதற்கு நாலு அலவாங்கு, எல்லாம் கயிறு போட்டுக் கட்டியபடி பெட்டியில் இருந்தன. நாங்கள் இருபத்தைந்து பேர் ரோட்டில் நின்றோம். ஒன்பது மணியும் ஆனது. கயிறு அவிழவில்லை.

விஷயம் இதுதான். தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்கு மேலே போகிற ரோட்டின் அடியில் தண்ணீர் போவதற்கு ஒரு பழைய குழாய் இருந்தது. அது உடைந்து மண் மூடிப்போனது. ஐப்பசியில் எங்கள் பக்கம் மத்தியானம் திரும்பினால் மழை பிடித்துவிடும். குழாயில் போகவேண்டிய தண்ணீரெல்லாம் ரோட்டைத் தாண்டி நேரே லயத்தின் பின்சுவரில் இறங்கியது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர். அதை நம்பி ஆறு காம்பரா, ஆறு குடும்பம். கடைசிக் காம்பராவில் பக்கவாதம் வந்து படுத்தவர் ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை மாலை அவர் கட்டிலுக்குப் பின்னால் கையை வைத்தேன், சுவர் அமுங்கியது. இன்னொரு மழைக்கு நிற்காது என்று கட்டட வேலை தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

அவரை எங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்து வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

"இவரத் தூக்கிருவீங்க. ஆறு வீட்டையும் தூக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

தோட்டத்து ரோட்டில் நாங்கள் கைவைக்க முடியாது என்பதுதான் சபையில் முன்பெல்லாம் கிடைத்த பதில். இந்தத் தடவை, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சம்மதக் கடிதம் வாங்கி வாருங்கள், குழாயும் ஆயுதமும் நாங்கள் தருகிறோம், வேலையைச் சிரமதானமாக, கூலியில்லாமல், நீங்களே செய்யுங்கள் என்றார்கள். அலைந்து கடிதம் வாங்கியவன் நான். வாய் நீளம் என்பதால் இந்த மாதிரி வேலையெல்லாம் என் தலையில்தான் விழும்.

டிராக்டரோடு சபையிலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் வந்திருந்தார். டிக்கோயாப் பக்கத்துப் பெண். நாங்கள் மிஸ் என்றே கூப்பிட்டோம். அவர் கையில் ஒரு கடதாசி. பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து என்று மூன்று கட்டம். வேலையில் யாருக்காவது அடிபட்டால் சபை பொறுப்பெடுக்க அது வேண்டும், அது நிரம்பாமல் ஒரு மம்பட்டியைக்கூட இறக்கித் தர எனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

கடதாசி கைமாறிக் கைமாறி, போன மாதிரியே திரும்பி வந்தது. எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். முன்னால் நிற்கிறவர் போடட்டும், நான் போடுகிறேன் என்பார்கள். முன்னால் நிற்கிறவர், பெரியவங்க இருக்கிறப்போ நான் எப்படி என்பார். பெரியவருக்குக் கண்ணாடி வீட்டில் இருக்கும்.

காரணம் எனக்குத் தெரியும். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் கூரைக்குத் தகரம் தருவதாகச் சொல்லி இதே மூன்று கட்டத்தோடு ஒரு தாள் வந்தது. தகரம் வரவில்லை. கையெழுத்துப் போட்டவர்களின் பெயரெல்லாம் ஒரு கட்சிக் கூட்டத்தில் அங்கத்தவர்கள் என்று வாசிக்கப்பட்டது. அண்ணன் தம்பி பேச்சு நின்ற வீடுகூட உண்டு. அந்தத் தாளை லயம் லயமாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கியவன் யார்? அதைத்தான் அன்று ரோட்டில் நின்ற ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமல் நின்றதுதான் எனக்கு வலித்தது.

பத்து மணிக்குத் தேத்தண்ணி வந்தது. மலை உச்சியைப் பனிப்புகார் மூட ஆரம்பித்தது. டிராக்டர் ஓட்டி வந்தவர், மழைக்கு முன்னால் நான் இந்த இறக்கத்தைத் தாண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் டயர் வழுக்கும் என்று சிங்களத்தில் முணுமுணுத்தார். நான் ஆளாளுக்குப் பேனையை நீட்டிக்கொண்டே போனேன். என் வயதுக்காரன் ஒருவன் பேனையைப் பார்த்துச் சிரித்தான்.

"தகரத்துக்குப் போட்ட கையெழுத்தே இன்னும் காயலையே அண்ணே" என்றான்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை வரைக்கும் பார்ப்பேன், அதற்குமேல் டிராக்டரைத் திருப்பத்தான் வேண்டும் என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அப்போதுதான் கடைசிக் காம்பரா அம்மா, படுத்திருந்தவரின் மனைவி, படியேறி வந்தார்.

"எல்லாருக்கிட்டயும் நீட்டுறீங்க. நீங்க போட்டீங்களாண்ணே?"

நான் போடவில்லை. நானும் பயந்துதான் இருந்தேன்.

"போடல" என்றேன். "அன்னைக்கு நான் வாசிக்காமக் கொண்டுவந்தேன். அது என் பிழை. இன்னைக்கு வாசிச்சிட்டுப் போடுறேன்."

வாசிக்கப் போனால், கட்டங்களுக்கு மேலே இருந்த மூன்று வரியும் சிங்களம். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத்து வராது. மிஸ்ஸிடம் கொடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் தமிழில் சொல்லச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துபோனது. தாளைத் திருப்பி டிராக்டர் பெட்டிமேல் வைத்தார். இந்தப் பட்டியல் இன்றைய வேலைக்கு மட்டும், அடிபட்டால் உதவுவதற்காக மட்டும், சபைக்கு வெளியே யாருக்கும் கொடுக்கப்படாது என்று தமிழில் எழுதினார். உரக்க வாசித்தார். அடியில் தன் பெயரையும் எழுதிக் கையெழுத்தையும் முதலில் போட்டார்.

"போன்ல படம் புடிச்சி வச்சிக்கங்க. நாளைக்கி இது மாறிப்போனா என்னையக் கேளுங்க" என்றார்.

ஏழெட்டுப் போன் அந்தத் தாளின்மேல் குனிந்தது. அடுத்த கையெழுத்து என்னுடையது. மூன்றாவது அந்த அம்மா. போட்டுவிட்டு அவர் கயிற்றை அவிழ்க்கப் போனார். அதற்குப் பிறகு பேனைக்கு வரிசை நின்றது.

சபை எங்களுக்குக் குழாய் தந்ததைவிட அந்த மூன்று வரியைத் தமிழில் தந்தது பெரிது என்பேன். சிரமதானத்துக்கு ஆள் வரவில்லை என்று அலுவலகங்களில் பேசிக்கொள்கிறார்கள். ஆள் வந்து ரோட்டில்தான் நிற்கிறது. அடிபட்டால் யார் பார்ப்பார்கள், பெயர் எங்கே போகும் என்று அவர்களுக்குத் தெரிந்த பாஷையில் யாராவது சொன்னால் போதும்.

ஆனால் இரண்டரை மணி நேரம் போனது போனதுதான். ரோட்டு மண் இறுகிக் கல்லாக இருந்தது. முதல் குழாயை இறக்கும்போதே தூறல். இரண்டாவதை அலவாங்கால் நெம்பிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது, மேலே இருந்து செந்தண்ணீர் குழிக்குள் வந்துவிட்டது. குழாய் ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே நின்ற மூன்று பேரையும் மிஸ் வெளியே ஏறச் சொன்னார். ஏறினால் குழாய் குறுக்கே விழுந்து தண்ணீரை மறிக்கும், பழைய கதைதான். மூவரும் ஏறவில்லை. டிராக்டர்காரர் கயிற்றை எடுத்துக் குழாயைச் சுற்றி வண்டியின் கொக்கியில் மாட்டினார். போகவேண்டியவர் அவர்தான், போகவில்லை. அங்குலம் அங்குலமாக வண்டி இழுக்க, கீழே நின்றவர்கள் தோள் கொடுத்துத் தள்ள, குழாய் நிமிர்ந்து முதல் குழாயோடு சேர்ந்தது. மூன்று பேரும் மேலே வந்த பிறகுதான் மிஸ் குடையை விரித்தார்.

கீழ் லயத்துக்கு இறங்கினோம். பின்பக்கம் நேற்று ஆறு மாதிரி ஓடிய இடத்தில் கூரைத் தண்ணீர் மட்டும் சொட்டியது. சுவர் ஈரம்தான். புதுத் தண்ணீர் வரவில்லை. படுத்திருந்தவர் கண்ணை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தார்.

கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். அந்த அம்மா சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒரு கிழமை வெயில் அடித்துச் சுவர் காயட்டும் என்று சொல்லி, கட்டிலை வாசல் பக்கம் இன்னும் ஒரு முழம் இழுத்தார்.