நம்பிக்கையுள்ளவர்கள் அழமாட்டார்கள்

என் தம்பி இறந்தபோது எங்கள் வீட்டில் அழுகைக்குத் தடை போட்டவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், எங்கள் தமிழ்ச் சபையின் மூப்பர். திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரி என்ற அரசாங்கத் தலைமை அலுவலகத்தில் எழுத்தர். பகல் முழுவதும் பிறர் போட்ட உத்தரவுகளைப் பிரதி எடுத்துவிட்டு, மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து தன் உத்தரவுகளைப் போடுவார்.

உலக யுத்த காலம் அது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா அங்கே ஆணியும் கதவுக் கொண்டியும் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வயதுப் பிள்ளை. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அவனை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வாய் திறந்தாள். குரல் வெளியே வருவதற்குள் பெரியப்பா வாசலிலிருந்து சொன்னார்.

"சத்தம் கூடாது. நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படக் கூடாதுன்னு வேதத்துல எழுதியிருக்கு. பிள்ள உயிர்த்தெழுவான். அக்கம்பக்கமெல்லாம் நம்மளத்தான் பாக்குது."

அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா ஓடிவந்து அவள் முதுகைத் தடவி, "கரயூ மோளே" என்றாள். அழு மகளே என்று சொல்ல அந்த ஒருத்திக்குத்தான் தோன்றியது. பெரியப்பா அவளையும் மரியாதையாக வெளியே அனுப்பிவைத்தார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அப்பாவுக்குப் பழக்கமில்லை. சவப்பெட்டிக்கு வேண்டிய ஆணிகளைத் தன் கடையிலிருந்தே எடுத்துவந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

எனக்கு அப்போது எட்டு வயது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தம்பி எப்போது எழுந்து வருவான் என்று கேட்டால் கடைசி நாளில் என்றார்கள். கடைசி நாள் எப்போது என்று கேட்டால் வாயை மூடு என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெரியப்பா சாட்சி சொல்ல எழுந்தார்.

"எங்க குடும்பத்துல ஒரு பிள்ளைய கர்த்தர் எடுத்துக்கிட்டாரு. பெத்த தாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல. இதுதான் நம்பிக்கை. எல்லாரும் இதப் பாத்துப் படிக்கணும்."

சபை ஆமென் என்றது. பெண்கள் பக்கத்துப் பாயில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றேன்.

"பொய். நீங்கதான் அம்மாவ அழ விடல்ல."

சபைக் கோவிலுக்குள் ஓலை விசிறிச் சத்தம்கூட நின்றது. பெரியப்பா என்னைப் பார்க்காமல், "பிள்ளைய வெளிய கொண்டு போங்க" என்றார். அப்பா எழுந்தார். அதற்குள் அம்மா என் தோளைப் பிடித்தபடி எழுந்து, பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அத்தான், லாசரு செத்தப்ப இயேசு அழுதாரா இல்லியா? கொஞ்ச நேரத்துல அவன எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் அழுதாரு. அவருக்கு நம்பிக்கை இல்லன்னு சொல்லுவீங்களா?"

பெரியப்பா மெல்லப் பாயில் உட்கார்ந்தார்.

"எம் பிள்ள வருவான். அது எனக்கும் தெரியும். ஆனா இன்னைக்கு அவன் இல்லியே."

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அன்று வீட்டில் அடைத்து வைத்த சத்தமெல்லாம் அந்த ஆராதனையின் நடுவில் வெளியே வந்தது. பாயிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அவளோடு சேர்ந்து அழுதார்கள். போதகர் கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு, அவள் ஓயும்வரை தலை குனிந்து நின்றார். அதன்பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. எனக்கு அது பெரிய வெற்றியாக இருந்தது.

ஈஸ்டர் விடியற்காலையில் சபையார் எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் கூடினோம். உயிர்த்தெழுதல் பாட்டை அம்மா எல்லாரையும்விட உரக்கப் பாடினாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

"அன்னைக்கு அப்படி அழுதியே, இப்ப எதுக்குப் பாடுற?"

"ரெண்டும் ஒண்ணுதான் பிள்ள" என்றாள்.

பெரியப்பா எங்களோடு பாடவில்லை. தூரத்து மூலையில், பாசி படிந்த சின்னக் கல்லறை ஒன்றின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கல்லறையில் யார் என்று கேட்டேன்.

"அவருக்க மூத்த பையன். நீ பொறக்குறதுக்கு முன்னயே போயிட்டான்" என்றாள் அம்மா.

அவருடைய தோள்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். நன்றாகக் குளிரட்டும் என்று சந்தோஷப்பட்டேன். ஏப்ரல் மாதத்துத் திருவனந்தபுரத்தில் விடியற்காலையானாலும் யாருக்கும் குளிராது என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.